மாட்டுக்கு வரி போட்டது எந்த அமைச்சர்?

2024 ஜூனில் வந்த செய்தி ஞாபகம் இருக்கும்: டென்மார்க்கில் மாட்டு ஏப்பத்துக்கும் வரி. இங்கேயும் பகிடியோடு பகிரப்பட்டது. யார் போட்ட வரி என்று கேட்டால், சுற்றாடல் அமைச்சர் என்று சொல்லத்தான் வாய் வரும். அவர் அல்ல. காலநிலை அமைச்சரும் தனியாகச் செய்த வேலை இல்லை அது. அந்த நேரம் வரி அமைச்சராக இருந்தவர் யெப்ப பிரூஸ். இந்த வரி, அரசும் விவசாயத் துறையும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்து செய்த உடன்பாட்டின் ஒரு பகுதி. ஓகஸ்ட் மாதம் அந்த உடன்பாட்டின் பெயரால் 'பசுமை முத்தரப்பு' என்று புதிதாக ஓர் அமைச்சைத் திறந்து, அவரையே அதற்கு அமைச்சராக்கினார்கள். கணக்கைத் தெரிந்தவரிடமே வயலையும் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வரியின் உள்விவரம் பகிடியை விடச் சுவாரசியமானது. மாட்டுத் தலைக்கு இவ்வளவு என்று இல்லை. கால்நடை வெளிவிடும் வாயுவை காபனீரொக்சைட்டுக்குச் சமமாக மாற்றி, ஒரு தொன்னுக்கு 2030 முதல் 300 குரோனர், 2035இல் 750 குரோனர். ஆனால் அந்த வகை விலங்கின் சராசரி வெளியேற்றத்தில் 60 வீதத்துக்கு வரிக் கழிவு உண்டு. ஆகவே சராசரி விவசாயிக்கு உண்மையில் விழுவது 120, பிறகு 300. கழிவைச் சராசரியோடு கட்டிவைத்ததில்தான் சூட்சுமம். தீவனத்தை மாற்றியோ, சாணக் குழம்பை விரைவில் அகற்றியோ சராசரிக்குக் கீழே இறங்கினால் வரி மேலும் குறையும். சராசரிக்கு மேலே போகிறவன் அந்த மேலதிகத்துக்கு முழு வரியும் கட்ட வேண்டும். தலைப்பில் 750 என்று மட்டும் போட்டு எழுதிய கட்டுரைகள் பாதிக் கதைதான்.

டென்மார்க் அமைச்சர்களைப் பற்றி வாசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, எந்த நாற்காலி எந்த விடயத்தை வைத்திருக்கிறது என்பது. உலகத்திலேயே முதல் சுற்றாடல் அமைச்சுகளில் ஒன்று அங்கே 1971இல் வந்தது. அப்போதைய பெயர் 'மாசு ஒழிப்பு அமைச்சு', முதல் அமைச்சர் யென்ஸ் காம்ப்மன். பிறகு சக்தி அதனோடு சேர்ந்தது, பிரிந்தது. உணவும் விவசாயமும் சேர்ந்தன, பிரிந்தன. 2022 டிசம்பரில் வந்த அரசாங்கத்தில் காலநிலை, சக்தி ஒருவரிடம். நீர், இயற்கை, இரசாயனம் சுற்றாடல் அமைச்சரிடம். உணவு, விவசாயம், மீன்பிடி இன்னொருவரிடம். கப்பல் விவகாரம் வர்த்தக அமைச்சரின் கீழ் உள்ள கடல்சார் அதிகாரசபையிடம். கொழும்புத் துறைமுகத்தில் நிற்கும் டேனிஷ் கொள்கலன் கப்பலின் புகையைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் சுற்றாடல் அமைச்சரிடம் மட்டும் போனால் போதாது.

இந்தப் பிரிப்புக்கெல்லாம் சட்டம் தேவையில்லை. அரசியலமைப்பின் 14ஆம் பிரிவின்படி, பிரதமரின் சொற்படி அரசரின் ஓர் ஆணை போதும். நம்மூரில் வர்த்தமானியில் விடயங்களைப் பிரித்துக்கொடுப்பது போலத்தான். வேறுபாடு அடுத்த பிரிவில் இருக்கிறது. 15ஆம் பிரிவு: பாராளுமன்றம் நம்பிக்கை இல்லையென்று சொன்ன அமைச்சர் பதவியில் இருக்க முடியாது. தனி அமைச்சரையே குறிவைக்கலாம். அரசாங்கம் முழுவதையும் கவிழ்க்க வேண்டியதில்லை. அங்கே பெரும்பாலும் சிறுபான்மை அரசாங்கங்கள்தான் ஆளும். ஆதரவுக் கட்சி ஒன்று முகம் சுளித்தாலே ஓர் அமைச்சரின் கதை முடிந்துவிடும்.

தமிழருக்கு இந்த இடம் புதிதல்ல. 1987இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். டேனிஷ் வரலாற்றில் அதன் பெயரே 'தமிழர் வழக்கு'. விசாரணை அறிக்கை 6,000 பக்கங்களைத் தொட்டது. பாராளுமன்றத்துக்கு உண்மை சொல்லப்படவில்லை என்று அது காட்டியதும், 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஷ்லூட்டரின் அரசாங்கம் பத்தாண்டு ஆட்சிக்குப் பிறகு விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது.

சுற்றாடலுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஷ்லூட்டர் போனதால் வந்தது பௌல் நியூரொப் ராஸ்முசனின் அரசாங்கம். அதில் சுற்றாடல் அமைச்சரானவர் ஸ்வென் ஆவ்கன். 1994இல் சக்தியும் அவரிடம் வந்தது. 2001 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அதே நாற்காலி. காற்றாலையையும் நீரையும் ஒரே மேசையில் வைத்து முடிவெடுக்க முடிந்த காலம் அது. 1998 ஜூன் 25 அன்று ஆர்ஹூஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையும் அவர் காலத்தது. சுற்றாடல் தகவலைக் கேட்கும் உரிமை, முடிவில் பங்கெடுக்கும் உரிமை, நீதிமன்றம் போகும் உரிமை ஆகிய மூன்றும் அதில் பொதுமக்களுக்கு உறுதியாயின. நின்-ஹான்சன் எங்கள் சனத்தின் கோப்புகளை மூடி வைக்காமல் இருந்திருந்தால் ஆவ்கனுக்கு அந்தக் கதவு 1993இல் திறந்திருக்குமா என்று நான் நினைப்பதுண்டு.

இலங்கை ஆர்ஹூஸில் சேரவில்லை. நமக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டமும், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசமும் உண்டு. மன்னாரில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகளை எடுங்கள்: தலா 3.45 மெகாவாட் கொண்ட 30 விசையாழிகள், மொத்தம் 103.5 மெகாவாட், செய்தது டென்மார்க்கின் வெஸ்டாஸ். விசையாழியை இறக்குமதி செய்தோம். ஊர்ச் சனத்தோடு எப்படிப் பேசுவது என்பது அந்தப் பெட்டியில் வரவில்லை.

இனி காலநிலைச் சட்டம். 2020 ஜூனில் நிறைவேறியது. 1990ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு 2030க்குள் 70 வீதக் குறைப்பு, 2050க்குள் காலநிலை நடுநிலை. இலக்கு எல்லோரிடமும் இருக்கிறது. இந்தச் சட்டத்தில் பார்க்க வேண்டியது அமைச்சருக்குப் போட்ட நாட்காட்டி. பெப்ரவரி முடிவுக்குள் சுயாதீனமான காலநிலைச் சபை, இலக்கை எட்டும் வழி தெரிகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும். வசந்த காலத்தில் சக்தி முகவரகம் அடுத்த ஆண்டுகளுக்கான வெளியேற்றக் கணிப்பை வெளியிடும். இலங்கை மகா போகத்துக்குத் தயாராகும் செப்டெம்பரில் அமைச்சர் தன் காலநிலை நிகழ்ச்சித்திட்டத்தைப் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். வழி தெரியவில்லை என்றால் புதிய நடவடிக்கையை முன்வைக்கும் கடமை அமைச்சருடையது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பத்தாண்டு தள்ளிய புதிய இலக்கும் வைக்க வேண்டும். டேனிஷ் அமைச்சர் ஒருவர் ஏதாவது அறிவித்தால், அது இந்த மூன்று ஆவணங்களில் எதில் எண்ணாக ஏறியிருக்கிறது என்று பாருங்கள். எதிலும் இல்லையென்றால் அது மேடைப் பேச்சு.

நாட்காட்டி இருந்தும் தள்ளிப்போடலாம். 2019 முதல் 2022 வரை காலநிலை அமைச்சராக இருந்த டான் யோர்கன்சன் முதலில் தொழில்நுட்பத்தை வளர்ப்போம், பெரிய குறைப்புகள் தசாப்தத்தின் கடைசியில் வரட்டும் என்றார். ஹொக்கி மட்டையின் வளைவு போல. கிரிக்கெட் பார்க்கும் நமக்கு இது விளங்கும்: தேவையான ஓட்ட வேகத்தைக் கடைசி ஐந்து ஓவருக்கு ஏற்றிவிட்டு, விக்கெட் கையில் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்வது. விமர்சனம் கடுமையாக வந்தது. அதே யோர்கன்சன் காலத்தில்தான், 2020 டிசம்பரில், வடகடலில் புதிய எண்ணெய் அனுமதிச் சுற்றை ரத்துச் செய்து, 2050இல் உற்பத்தியை நிறுத்தும் முடிவும் வந்தது. அடுத்த ஆண்டு கிளாஸ்கோவில் கொஸ்டாரிகாவோடு சேர்ந்து, எண்ணெய் எரிவாயுவைத் தாண்டுவதற்கான நாடுகளின் கூட்டணியையும் தொடங்கினார்கள். அதே மனிதர், இரண்டு முகம்.

இன்னொன்று: அந்த 70 வீதத்துக்குள் என்ன இல்லை என்பதையும் கேட்க வேண்டும். சர்வதேசக் கப்பல், விமானம் இல்லை. இறக்குமதிப் பொருளின் வெளியேற்றம் இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து டேனிஷ் பன்றிக்கு வரும் சோயாவும் அப்படித்தான். மின்நிலையத்தில் எரிக்கும் மரச் சில்லின் புகை சக்திக் கணக்கில் பூச்சியம். கிரீன்லாந்தும் பரோ தீவுகளும் அந்தக் கணக்கில் சேராது. இந்த மறைவிடங்களுக்காகத்தான் சட்டம் ஆண்டுதோறும் ஓர் உலகத் தாக்க அறிக்கையையும் கேட்கிறது. இலக்கு அறிக்கையை விட அதை வாசிப்பது எனக்குப் பயனாகப் படுகிறது, செய்தியாளர்கள்தான் அதைத் திறப்பதே இல்லை.

உலக மேடையில் டேனிஷ் அமைச்சர்களின் பெரிய சறுக்கல் 2009, கொப்பன்ஹேகன். காலநிலை அமைச்சராக இருந்த கொனி ஹெடெகோர் ஈராண்டாக உலகம் சுற்றித் தயாரித்த மாநாடு. தொடங்கிய சில நாளிலேயே 'டேனிஷ் வரைவு' ஒன்று கசிந்தது; ஏழை நாடுகளுக்குத் தெரியாமல் எழுதியது என்று கொதித்தார்கள். டிசம்பர் 16 அன்று, தலைவர்கள் வந்திறங்கும் நேரத்தில், ஹெடெகோர் தலைமையைப் பிரதமர் லார்ஸ் லொக்க ராஸ்முசனிடம் கொடுத்தார். ராஸ்முசன் உள்நாட்டுப் பேரத்தில் கைதேர்ந்தவர். ஐநா காலநிலை மாநாடு வேறு மாதிரி: அங்கே பெரும்பான்மை எண்ணுவது கிடையாது, ஒருமித்த சம்மதம் வேண்டும். சில பெரிய நாடுகளோடு அறைக்குள் எழுதிய உரையை விடியற்காலையில் சபைக்குக் கொண்டுவந்தார். துவாலு, பொலிவியா, வெனிசுவேலா, சூடான் போன்றவை எழும்பி மறுத்தன. கடைசியில் சபை அதை ஏற்கவில்லை. 'கவனத்தில் எடுத்தது', அவ்வளவுதான். அந்த அரைகுறை உரையில் இருந்த ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் வாக்குறுதியைத்தான் பிறகு எல்லோரும் பிடித்துத் தொங்கினார்கள். 2020க்குள் தருவதாகச் சொன்னது, 2022இல்தான் அந்தத் தொகையை எட்டியது.

பணம் என்று வரும்போது டென்மார்க்கைக் குறைசொல்ல அதிகம் இல்லை. தேசிய வருமானத்தின் 0.7 வீதத்தை வெளிநாட்டு உதவிக்கு 1978 முதல் ஏறத்தாழ விடாமல் கொடுத்து வரும் நாடு. 2022 செப்டெம்பரில் அப்போதைய அபிவிருத்தி அமைச்சர் ஃப்ளெமிங் மொல்லர் மோர்ட்டென்சன், காலநிலை இழப்புக்கும் சேதத்துக்கும் 100 மில்லியன் குரோனர் என்று நியூயோர்க்கில் அறிவித்தார். ஸ்கொட்லாந்து முந்தின ஆண்டே கொடுத்திருந்தாலும், ஐநா உறுப்பு நாடு ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பேசப் போகும் டேனிஷ் அமைச்சரின் கையில் ஒரு கயிறு இருக்கும். முக்கியமான விடயமென்றால், பிரசல்ஸ் போகுமுன் பாராளுமன்றத்தின் ஐரோப்பியக் குழு முன் தன் பேச்சுவார்த்தை நிலைப்பாட்டைச் சொல்ல வேண்டும். தலைவர் கட்சிகளின் ஆசனங்களை எண்ணுவார்: எதிராகப் பெரும்பான்மை இல்லையென்றால் போகலாம். ஆதரவாகப் பெரும்பான்மை தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். 2025 நவம்பரில், டென்மார்க் ஒன்றியத் தலைமையில் இருந்தபோது, காலநிலை அமைச்சர் லார்ஸ் ஆகோர்ட் இரவு முழுக்க அமைச்சர்களை உட்கார வைத்து 2040க்கு 90 வீதக் குறைப்பு என்பதை முடித்தார். அதில் 5 வீதம் வரை வெளிநாட்டுக் காபன் வரவுகளால் நிரப்பலாம் என்ற ஓட்டையும் சேர்ந்தே வந்தது. ஆகோர்ட் மின்துறைச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்து வந்தவர்.

அந்தத் துறை தெரிந்தவர் கையிலேயே ஒரு கேள்விப்பத்திரம் வெறுமையாய்த் திரும்பியதும் நடந்தது. வடகடலில் 3 கிகாவாட் காற்றாலைக்கு விலைமனுக் கோரினார்கள். 2024 டிசம்பர் 5 கடைசி நாள். ஒருவரும் வரவில்லை. அரச உதவி இல்லை, மாறாக முதலீட்டாளர் அரசுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டும், 20 வீதப் பங்கும் அரசுக்கு. வட்டி ஏறியிருந்தது, விசையாழி விலை ஏறியிருந்தது, மின்சாரத்தை ஐதரசனாக்கி ஜேர்மனிக்கு அனுப்பும் குழாய் எப்போது வரும் என்றும் தெரியாது. மலிவு வட்டிக் காலத்தில் எழுதிய நிபந்தனையை மாறிய சந்தைக்கு நீட்டியதுதான் பிழை. 2025இல் 55 பில்லியன் குரோனர் வரை உதவி என்று மாற்றி, மூன்று பகுதிகளாகத் திரும்பக் கோர முடிவெடுத்தார்கள்.

இன்னொரு பிழை மிங்க், தோலுக்காகப் பண்ணையில் வளர்க்கும் சிறு விலங்கு. 2020 நவம்பரில் கொரோனா உருமாற்றத்துக்குப் பயந்து நாட்டின் மிங்க் முழுவதையும் கொல்லச் சொன்னார்கள். தொற்றில்லாத பண்ணைகளுக்கு அந்த உத்தரவைப் போட சட்ட அதிகாரம் இருக்கவில்லை. உணவு அமைச்சர் மொயன்ஸ் யென்சன் இரண்டு வாரத்தில் பதவி விலகினார். மேற்கு யூட்லாந்தின் மணல் தரையில் மெல்லிய மண்மூடியோடு புதைத்த உடல்கள், உள்ளே வாயு பெருகி மேலே எழும்பின. நிலத்தடி நீர் பயத்தில் அடுத்த ஆண்டு பல மில்லியன் உடல்களைத் தோண்டி எரித்தார்கள்.

இனி நைதரசன். கொழும்பில் இருப்பவர் டென்மார்க்கைப் பற்றி ஒன்றே ஒன்று வாசிக்க வேண்டுமென்றால் இதை வாசிக்கச் சொல்வேன். 2019 ஒக்டோபர் 24 அன்று இங்கேதான் 'கொழும்புப் பிரகடனம்' வந்தது: நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்குவோம். பாதியாக்க உண்மையில் என்ன தேவை என்று அந்த நேரம் யாராவது டென்மார்க்கைக் கேட்டிருக்கலாம்.

1986 இலையுதிர் காலத்தில் கட்டெகட் கடலில் செத்த இறால்நண்டுகள் மீனவர் வலையில் வந்தன. தொலைக்காட்சியில் நாடு பார்த்தது. காரணம் எளிது: அறுவடை முடிந்த வெறும் வயலில் எஞ்சிய நைதரேற்று குளிர்கால மழையோடு கடலுக்குப் போகும், பாசி பெருகும், அது அழுகும்போது அடியிலுள்ள ஒக்சிசன் தீரும். பேர வாவி பச்சையாவதும் இதே வேதியியல்தான், அங்கே உரம், இங்கே கழிவுநீர். 1987இல் பாராளுமன்றம் நீர்ச்சூழல் திட்டத்தை ஏற்றது: நைதரசனைப் பாதியாக, பொசுபரசை 80 வீதம் குறைக்க வேண்டும். சில ஆண்டுகளில் முடியும் என்று நினைத்தார்கள். பொசுபரசு குழாய் முனையில், சுத்திகரிப்பு நிலையத்தில், சீக்கிரம் சரியாகியது. நைதரசன் 48 வீதத்தை எட்டியது 2003இல்.

அந்தப் பதினாறு ஆண்டில் செய்தது இவை. ஒவ்வொரு பயிருக்கும் ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ என்று நைதரசன் அளவு. ஒவ்வொரு பண்ணையும் ஆண்டுதோறும் உரக் கணக்குக் கொடுக்க வேண்டும்: வாங்கியது, சாணத்தில் வந்தது, போட்டது. மாதக்கணக்கில் சாணக் குழம்பைத் தேக்கி வைக்கும் தொட்டி. குளிர்காலத்தில் வயலில் கொட்டத் தடை. கொட்டும்போது தெளிக்காமல் குழாயால் தரையோடு விடுவது. அறுவடைக்குப் பின் முள்ளங்கி இனம், புல் என்று மூடுபயிர் விதைத்து எஞ்சிய நைதரேற்றை உறிஞ்ச வைப்பது. 1998க்குப் பின் உர அளவை, பொருளாதார ரீதியில் உகந்ததை விட 10 வீதம் கீழே வைத்தார்கள். விவசாயிகள் பொறுமியது அதில்தான்.

2015 டிசம்பரில் அந்தக் குறைப்பைக் கைவிட முடிவெடுத்தார்கள். பொறுப்பான அமைச்சர் எவா கியேர் ஹான்சன். உரம் கூடினாலும் நீருக்குக் கெடுதி வராது என்று காட்டிய அட்டவணையில், எப்படியும் நடக்கவிருந்த குறைப்புகளையும் புதிய திட்டத்தின் கணக்கில் சேர்த்திருந்தார்கள். விஞ்ஞானிகள் பிடித்தார்கள். ஆதரவுக் கட்சியான பழமைவாதிகள் நம்பிக்கையை எடுத்துக்கொள்ள, 2016 பெப்ரவரி 27 அன்று அவர் விலகினார். சட்டம் அதற்கு இரண்டு நாள் முன்பே நிறைவேறிவிட்டது. அமைச்சர் போனார், கூட்டிய உர அளவு அப்படியே இருந்தது.

அதைச் சீர்செய்யும் முயற்சிதான் 2024 முத்தரப்பு. மாட்டு வரி அதில் ஒரு பந்தி மட்டுமே. 43 பில்லியன் குரோனர் நிதி, 2045க்குள் 250,000 ஹெக்டேயர் புதுக் காடு, 140,000 ஹெக்டேயர் தாழ்நிலக் கரிமண்ணைத் திரும்ப நனைய விடுவது, நைதரசனில் 13,780 தொன் குறைப்பு. வேலையை 23 உள்ளூர் முத்தரப்புக் குழுக்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள், ஒரு குழுவுக்கு ஒரு கடற்கரை நீரின் வடிநிலம். சிக்குவது எங்கே தெரியுமா? காணியில். தாழ்நிலத்தை நனைக்க வேண்டுமென்றால் ஒரே வாய்க்காலின் இரு கரையிலும் உள்ள எல்லா உரிமையாளரும் இணங்க வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் மாற்றுக் காணி தேட வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுபடும்.

இலங்கையில் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரு வர்த்தமானியோடு நிறுத்தி, நவம்பரில் திரும்பத் திறந்தார்கள். மழைக்கு முந்தின நாள் எறிந்த யூரியா வாய்க்காலோடு போகும் என்பது வன்னி விவசாயிக்குத் தெரியும். கொடுக்காமல் விட்டது அதை அளக்கும் கணக்குப் புத்தகத்தை. எந்த வயலுக்கு எத்தனை கிலோ, எந்த வாரம், எந்த வாய்க்காலுக்கு வடிகிறது என்று எழுதத் தொடங்கிய டேனிஷ் விவசாயிக்கே பாதிக்கு வர 2003 ஆகியது. கொழும்புப் பிரகடனத்தின் கெடு 2030. நம் கமநல சேவை நிலையங்களில் உர மானியத்துக்காக வயலின் அளவு ஏற்கெனவே பதிவாகிறது. அந்தப் பதிவில் போட்ட யூரியாவுக்கு ஒரு நிரல் கூட்டுவதற்கு எந்த டேனிஷ் அமைச்சரும் வர வேண்டியதில்லை.